டேஷ்போர்டில் இடித்த கைப்பிடி

பழைய வண்டி ஒன்றை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் பூட்டிப் புதுசாக்கிவிட வேண்டும் என்ற ஆசையோடு உங்களில் சிலர் என்னிடம் வருகிறீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் எஞ்சினைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். எந்த எஞ்சினை எதில் இறக்கலாம், எவ்வளவு அகல டயர் போடலாம், எந்தப் பெயிண்ட் அடித்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். இதெல்லாம் கேட்க வேண்டியதுதான். ஆனால் ஒருவர்கூட இதுவரை, "நீங்க கை வெச்ச வண்டியில யாராவது சாகப் பார்த்தாங்களா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். இரண்டு பேர். ஒரு டீச்சர், இன்னொருவன் நான்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்கு ரொம்பக் காலம் முந்தி நடந்தது. கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தேன். பெயர்ப்பலகை கிடையாது. லாரிக்காரர்கள் உளுந்தூர்பேட்டையிலேயே வேலையை முடித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் கைவிட்ட கார்கள்தான் என்னிடம் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. செத்த வண்டியை எழுப்புகிறவன் என்று நாலு பேர் சொல்லிச் சொல்லி, நானும் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

டீச்சருக்கு என் வயதுதான் இருக்கும். நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் வந்த போலியோவில் வலது கால் சூம்பிப் போயிருந்தது. தொடையிலிருந்து பூட்ஸ் வரைக்கும் இரும்புப் பட்டையும் தோல் வாருமாகக் காலிபர் மாட்டியிருப்பார். ஒரு கையில் ஊன்றுகட்டை. பஸ்ஸை விட்டு இறங்கி, கொட்டகை வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"மேஸ்திரி, திருநாவலூர் பக்கத்துல எங்க மாமாவோட அம்பாசிடர் ஒண்ணு நிக்குது. எட்டு வருஷமா யாரும் தொடல. அத ஓட வைக்கணும். நான் ஓட்டற மாதிரி மாத்தியும் குடுக்கணும்."

நான் அவர் காலைப் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இடது காலு நல்லா இருக்குது, கிளட்ச் மிதிப்பேன். கட்டை ஊன்றி ஊன்றி ரெண்டு கையும் கல்லு மாதிரி ஆயிடுச்சு. வலது காலு செய்யற வேலைய மட்டும் கைக்கு மாத்திக் குடுங்க, போதும்."

"இன்னா அவசரம் டீச்சர்?"

"வெள்ளிமலைக்கு மேல ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டரா போட்டிருக்கறாங்க. பஸ்ஸ வுட்டு எறங்கி ரெண்டு மைலு ஏறி நடக்கணும். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கற அன்னிக்கு நான் அங்க நிக்கணும். இல்லன்னா வேணாம்னு எழுதிக் குடுத்துடணும். எழுதறதுக்குப் பேப்பர் கூட ரெடியா வெச்சிருக்கறாங்க."

ஊன்றுகட்டையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "நான் எழுதிக் குடுத்துட்டா, கால் சரியில்லாதவங்களுக்கு மலை ஒத்து வராதுன்னு எனக்கு அப்பால வர்றவங்களுக்கும் அதையே சொல்லுவாங்க" என்றார்.

மூன்று மாதம் இருந்தது. ஒத்துக்கொண்டேன்.

வண்டியை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். பின் சீட்டில் கோழி அடை வைத்திருந்தது. தரைத் தகடு துருப்பிடித்து, உள்ளே உட்கார்ந்தால் கீழே ரோடு தெரிந்தது. அதையெல்லாம் எப்படிச் சரிசெய்தேன் என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். என்னைவிட நன்றாகச் செய்வீர்கள். மாற்றிய வேலையை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு அதில்தான் இருந்தது.

ஸ்டியரிங் தண்டின் வலப்பக்கத்தில் ஒரு கைப்பிடி பொருத்தினேன். முன்னால் தள்ளினால் ஒரு கம்பி வழியாகப் பிரேக் பெடல் கீழே போகும். தன் பக்கம் இழுத்தால் ஆக்சிலேட்டர். வலது கை கைப்பிடியில், இடது கை ஸ்டியரிங்கில், இடது கால் கிளட்ச்சில். பழைய அம்பாசிடரில் கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இடப்பக்கம் இருக்கும். கியர் மாற்ற வேண்டுமானால் இடது கை அதற்குப் போய்விடும், வலது கை கைப்பிடியை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு விநாடியில் பிரேக்கும் கிடையாது, ஆக்சிலேட்டரும் கிடையாது. சமதளத்தில் இது ஒரு விஷயமே இல்லை.

கைப்பிடி எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று அளந்தேன். முழு பிரேக் பிடிக்கிறபோது டேஷ்போர்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். கொட்டகைக்குள், வண்டி நின்றுகொண்டிருக்கும்போது அளந்த அளவு அது.

விடிகாலையில் அணைக்குப் போகிற ரோட்டில் டீச்சர் ஓட்டிப் பழகினார். பத்தே நாளில் கை பழகிவிட்டது. நானும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். கையால் தள்ளினால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க ஐந்து நாள் இருக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டரிடம் போனோம். வண்டியின் தகுதியைச் சோதித்துச் சான்று கொடுக்கிற அதிகாரியை நம் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கண்டிப்பான மனிதர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வேகமாக வந்து கோட்டில் நிறுத்தச் சொன்னார். டீச்சர் நாலு தடவையும் கோட்டிலேயே நிறுத்தினார். இன்ஸ்பெக்டர் குனிந்து கம்பியைப் பார்த்தார், வெல்டிங்கைச் சுரண்டிப் பார்த்தார். திருப்தியாகத்தான் தெரிந்தது. பேனாவை எடுத்தவர், எழுதாமல் என்னைக் கேட்டார்.

"இந்தம்மா எங்க ஓட்டப் போறாங்க?"

"வெள்ளிமலைக்குங்க சார்."

"மலையில ஓட்டிப் பாத்தியா?"

தம்பிகளா, நம் தொழிலில் ஸ்பானர் நழுவி விரல் போவதைவிட ஆபத்தான நேரங்கள் உண்டு. அது அப்படிப்பட்ட ஒன்று. இல்லை என்று சொன்னால், பார்த்துவிட்டு அடுத்த வாரம் வா என்பார். அடுத்த வாரம் என்றால் பள்ளிக்கூடம் திறந்துவிடும். டீச்சர் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பாத்தாச்சுங்க சார். ரெண்டு வாட்டி."

அந்த "ரெண்டு வாட்டி" எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பொய்க்கு ஓர் எண்ணிக்கை சேர்த்தால் உறுதியாகிவிடும் என்று நாக்குக்கே தெரிந்திருக்கிறது. இன்ஸ்பெக்டர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வந்து என் வீட்டு வாசலில் இறங்கும்போது, ஏதோ வழக்கமாகச் செய்கிற வேலையைப் போல, "நாளைக்கு மலைக்கு ஒரு நடை போய்ட்டு வந்துடலாமா டீச்சர்?" என்றேன்.

"போலாம்" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அவர் ஓட்டினார், நான் முன்சீட்டில் இடப்பக்கம். கச்சிராயபாளையம் தாண்டி, அணையைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கியதும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் வந்தது. எஞ்சின் நன்றாக இழுத்தது. இரண்டாவது கியரில் ஒரே சீராக ஏறினோம். நடுவில் ஒரு இடத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் விட நின்றதோடு சரி. வெள்ளிமலையில் டீ குடித்தோம். அங்கிருந்து மேலே போய்ப் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்தோம். கேட் பூட்டியிருந்தது. டீச்சர் இறங்கி, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உள்ளே பார்த்தார். நான் எனக்குள், பொய் சொன்னால் என்ன, இப்போது அது நிஜமாகிவிட்டதே என்று சொல்லிக்கொண்டேன்.

ஏறினதை வைத்து எதையும் தீர்மானித்துவிடாதீர்கள். ஏறும்போது மலையே வண்டிக்குப் பிரேக்.

இறங்கத் தொடங்கும் இடத்தில் சரிவு லேசாகத்தான் இருக்கும். டீச்சர், "எந்த கியர்ல வரட்டும்?" என்று கேட்டார். நடுவில் மாற்றினால் இரண்டு விநாடி கைப்பிடியை விட வேண்டியிருக்குமே என்று யோசித்தவன், "மூணாவதுலயே வாங்க, பிரேக்கு இருக்குது இல்ல" என்றேன். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல் போதும், என் அத்தனை வருஷ அனுபவத்தையும் குப்பையில் போட. தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும், மூணாவதில் எல்லாப் பாரமும் பிரேக்கின்மேல்.

நாலு வளைவு தாண்டினோம். ஒவ்வொரு வளைவுக்கும் அவர் கைப்பிடியைத் தள்ளுகிற தூரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, பிரேக்கில் புது லைனிங், தேயத் தேய அப்படித்தான் உட்காரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்தாவது வளைவில் கருகின வாசனை வந்தது. காட்டில் எவனோ எதையோ கொளுத்துகிறான் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். மனசு நம்ப விரும்பாததை மூக்கு சொன்னாலும் நம்பாது.

அதற்கடுத்த இறக்கம் நீளமானது. இடப்பக்கம் மலைச்சரிவு, வலப்பக்கம் பள்ளம். இறக்கத்தின் முடிவில் கொண்டை ஊசி வளைவு. டீச்சர் கைப்பிடியைத் தள்ளினார்.

டொக்.

கைப்பிடி டேஷ்போர்டில் போய் இடித்து நின்றது. வண்டி நிற்கவில்லை.

அவர் மறுபடி இழுத்துத் தள்ளினார். டொக். தோள் எலும்பு புடைக்கத் தள்ளினார். தகரம்தான் நசுங்கியது.

"மேஸ்திரி, தள்ள எடமே இல்ல."

குரல் உயரவே இல்லை. நான்தான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. அடுத்து நான் செய்ததைக் கேளுங்கள். முன்சீட்டு ஒரே நீள சீட்டு. என் வலது காலைத் தூக்கி அவர் பக்கம் வீசி, பிரேக் பெடலை மிதிக்கப் பார்த்தேன். கால் பெடலுக்குப் போகவில்லை. நான் பொருத்திய கம்பிக்கும் அவருடைய காலிபருக்கும் நடுவே போய் மாட்டிக்கொண்டது. முட்டி ஸ்டியரிங்கின் அடியில் முட்டியது. வண்டி வலப்பக்கம், பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது.

"கால எடுங்க! ஸ்டியரிங் திரும்பல! கால எடுங்க!"

எடுத்தேன். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அவர் ஒடித்துத் திருப்பினார். வண்டி ரோட்டுக்கு வந்தது. கீழே வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஹாரன் கேட்டது. மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

ஹேண்ட் பிரேக் அவருக்கு வலப்பக்கம், கதவோரத்தில். எனக்கு எட்டாது. அந்த வேகத்தில் அதைப் பிடித்து இழுத்தால் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பிவிடும். மிச்சமிருந்தது ஒன்றுதான், கியர். கியர் கம்பி என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

"டீச்சர், கிளட்ச்ச மிதிங்க. கியர நான் போடறேன்."

மிதித்தார். மூன்றாவதிலிருந்து எடுத்து இரண்டாவதுக்குத் தள்ளினேன். நறநறவென்று கடித்துத் துப்பிவிட்டது. அந்த வேகத்துக்கு விழாது. இப்போது வண்டி எந்தக் கியரிலும் இல்லை. எஞ்சின் பிடித்து வைத்திருந்த கொஞ்ச நஞ்சத்தையும் விட்டுவிட்டு, வண்டி இன்னும் வேகமாக ஓட ஆரம்பித்தது. என்னால்தான்.

சக்கரத்தின் வேகத்துக்கு எஞ்சினைக் கொண்டுவந்தால்தான் கியர் விழும். அதற்கு ஒரே வழி.

"டீச்சர், கிளட்ச்ச விட்டுட்டு ஆக்சிலேட்டர இழுங்க!"

"இன்னா சொல்றீங்க?"

"கேஸ் குடுங்க! நல்லா!"

நினைத்துப் பாருங்கள். வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. எதிரே பஸ். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன், இதுவரை சொன்னதெல்லாம் தப்பாகப் போனவன், இன்னும் வேகம் கொடு என்கிறான். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிளட்ச்சை விட்டு, கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தார். எஞ்சின் அலறியது. என் கைக்குள் கியர் கம்பி நடுங்கியது. மறுபடி கிளட்ச்சை மிதிக்கச் சொன்னேன். தள்ளினேன். விழுந்தது.

"கிளட்ச்ச விடுங்க. மெள்ள. மெள்ள."

விட்டார். வண்டி மூக்கைக் குத்திக்கொண்டு முனகியது. இரண்டு பேரும் முன்கண்ணாடியை நோக்கிப் போனோம். வேகம் பாதியாக விழுந்தது.

"இப்ப ஹேண்ட் பிரேக்கு. விட்டு விட்டு இழுங்க. வண்டிய என் பக்கம் மலையோரமா ஒரசுங்க."

"ஒங்க பக்கமா?"

"ஒரசுங்க!"

இடது பக்கம் முழுக்க மண்ணிலும் பாறையிலும் தேய்த்துக்கொண்டு போனது. என் கதவு உள்ளே நசுங்கி வந்து தொடையை இடித்தது. வளைவுக்கு நாலைந்து கஜம் முன்னால் ஓரத்துச் சாக்கடையில் முன்சக்கரம் இறங்கி நின்றது. பஸ் வளைவில் தலையை நீட்டி, எங்களைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது.

கண்டக்டர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். டிரைவர் இறங்கி வந்து, முன்சக்கரத்திலிருந்து வந்த புகையைப் பார்த்தார்.

"பிரேக்கு இல்லாத வண்டிய இன்னாத்துக்குய்யா மலைக்குக் கொண்டாந்தே?"

டீச்சர்தான் சொன்னார்: "பிரேக்கு இருந்துச்சுங்க. கொஞ்சம் கம்மியா இருந்துச்சு."

பஸ் போன பிறகு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தோம். சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம் ஆறுகிற வரைக்கும் நகர முடியாது. என் ஒரு காலில் செருப்பு இல்லை. என்ன நடந்தது என்று அப்போதுதான் புத்தி வேலை செய்தது. தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடாகும். சூடானால் விரியும். விரிந்தால் பெடல் இன்னும் கீழே போனால்தான் பிடிக்கும். காலால் மிதிக்கிறவனுக்குத் தரை வரை இடம் உண்டு. கைக்கு நான் வைத்திருந்தது ஒரு விரல் இடம். அந்த ஒரு விரலை மலை தின்றுவிட்டது.

இதை அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, மிச்சத்தையும் சொன்னேன்.

"டீச்சர், நேத்து இன்ஸ்பெக்டர்கிட்ட நான் பொய் சொன்னேன்."

அவர் காலிபர் வாரைத் தளர்த்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நானும் அங்கதான நின்னுக்கினு இருந்தேன். நீங்க மலைக்குப் போவலன்னு எனக்குத் தெரியாதா? தெனமும் வண்டிய ஓட்டிப் பழகினது நான்தான? வாயத் தொறந்தா சர்டிபிகேட்டு கெடைக்காதுன்னு மூடிக்கினு இருந்தேன்." வாரை மறுபடி இறுக்கிக்கொண்டே, "பஸ்ஸுல எத்தினி பேரு இருந்தாங்க, பாத்தீங்களா?" என்றார்.

நான் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தார்.

எனக்குத் தோன்றிய வழி, கைப்பிடியை இரண்டு நாளில் மாற்றிச் சரிசெய்துவிடுவது. சான்று கையில் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்குப் போய்விடலாம். சொல்லியும் பார்த்தேன். டீச்சர் முழுக்கக் கேட்டார்.

"இந்த வாட்டி சரியாயிடுச்சுன்னு யார் சொல்றது? நீங்கதான?"

இதற்கு உங்களில் யாரிடமாவது பதில் இருக்கிறதா?

மறுநாள் இரண்டு பேரும் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றோம். சான்றை மேஜையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் சிவந்ததை இன்றும் மறக்கவில்லை. அடிக்க வருவார் என்றே நினைத்தேன்.

"ஏன்யா இப்ப வந்து சொல்ற? சொல்லாம ரிப்பேர் பண்ணிக்கினு போயிருக்கலாம் இல்ல?"

டீச்சர், "கையெழுத்து ஒங்களுது சார். ஏதாவது ஆனா ஒங்களதான் கேப்பாங்க" என்றார்.

அவர் அந்தத் தாளைக் குறுக்கே கோடிழுத்து ரத்து செய்தார். "சரி பண்ணு. மலையில நீயே ஓட்டிப் பாரு. அந்தம்மா ஒக்காரக் கூடாது. அப்பறம் நான் வந்து பக்கத்துல ஒக்காந்து பாக்கறேன். அது வரைக்கும் இவங்க கையில வண்டியக் குடுத்தேன்னு தெரிஞ்சுது, தொலைச்சுடுவேன்."

டீச்சர் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார். வேண்டாம் என்று எழுதித் தரவில்லை. வெள்ளிமலையில் ஒரு அறை பிடித்துக்கொண்டு தினமும் இரண்டு மைல் ஏறி, இரண்டு மைல் இறங்கினார். சனிக்கிழமை கொட்டகைக்கு வருவார். காலிபர் உரசி முட்டிக்கு மேலே புண்ணாகி, துணி சுற்றியிருக்கும். என்னை அவசரப்படுத்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கைப்பிடியை வளைத்து டேஷ்போர்டுக்குக் கீழே இறங்குகிற மாதிரி செய்தேன். கம்பியின் பிடிமானத்தை மாற்றினேன். பிறகு மலைக்குப் போனேன். கிளம்பும் முன்னால் ஒன்று தோன்றியது. என் வலது காலைத் துண்டால் சீட்டுக்கால் இரும்போடு சேர்த்துக் கட்டினேன். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. அப்படிக் கட்டிக்கொண்டு முதல் சின்ன இறக்கத்தில் கைப்பிடியைத் தள்ளியபோது திடுக்கிட்டுப் போனேன். அவ்வளவு கனம். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இருந்ததே, அது எங்கே போனது? மெல்லப் புரிந்தது. அதற்கு முன் நான் ஓட்டிப் பார்த்த ஒவ்வொரு தடவையும், எனக்கே தெரியாமல் என் கால் பெடலைத் தொட்டு உதவியிருக்கிறது. இருபது வருஷப் பழக்கம். நான் கையால் சோதித்ததாக நினைத்தது அத்தனையும் காலால் சோதித்தது.

அந்தச் சனிக்கிழமை டீச்சரிடம் கேட்டேன். "அவ்ளோ கனமா இருந்துச்சே, ஏன் சொல்லல?"

"காருன்னா இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நான் வேற எத ஓட்டியிருக்கறேன்?"

வண்டியை ரிப்பேருக்குக் கொடுத்தவர்களிடம் "எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டு, "நல்லா இருக்குது" என்று அவர்கள் சொன்னதும் சாவியைக் கொடுத்துவிடுகிறீர்கள் அல்லவா? அந்தப் பதிலை நம்பாதீர்கள். எது நல்லது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழி இல்லை. உங்களுக்குத்தான் இருக்கிறது. அதுவும் அவர்களுடைய உடம்பு இருக்கிற நிலையில் நீங்களே அந்த சீட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான்.

கைப்பிடியை நீளமாக்கிக் கனத்தைக் குறைத்தேன். மலையை எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். சரியாக இல்லாத தடவைகளையும் சேர்த்துத்தான். ஆறு வாரம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். டீச்சர் ஓட்ட, அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால். மேலே போய்த் திரும்பி, உச்சியிலேயே இரண்டாவது கியர் போட்டுக்கொண்டு இறங்கினோம். அந்த நீள இறக்கத்தின் நடுவில், முன்னறிவிப்பே இல்லாமல் அவர், "நிறுத்துங்க!" என்றார்.

டீச்சர் தள்ளினார். வண்டி நின்றது.

இன்ஸ்பெக்டர் கைப்பிடிக்கு அப்பால் கையை விட்டுப் பார்த்தார். நாலு விரலும் போயின. நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சரியாக இல்லாத தடவைகளைப் பற்றி மட்டும் கேட்டார், சொன்னேன். அடிவாரத்தில் பானெட்டின்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீச்சரிடம், "எவ்ளோ அவசரமா இருந்தாலும் ரெண்டாவதுலயே எறங்குங்கம்மா" என்றார். என்னிடம் திரும்பினார்.

"பாக்கலன்னா பாக்கலன்னு சொல்லு. ஒரு வாரம் தள்ளிப் போவும். வேற இன்னா ஆயிடப் போவுது?"

மறுநாள் திங்கட்கிழமை, சாயங்காலமே திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு டீச்சர் தனியாக மேலே போனார். எனக்குக் கொட்டகையில் வேலை ஓடவில்லை. மத்தியானம் பஸ் பிடித்து அணைக்கட்டில் இறங்கி, மலை ரோடு தொடங்குகிற இடத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றேன். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடும். நாலே முக்காலுக்கு வந்துவிடலாம். ஐந்தாயிற்று. ஐந்தே கால். மேலிருந்து இறங்கி வந்த லாரியை நிறுத்தி, "வழியில அம்பாசிடர் ஏதாவது பாத்தீங்களா?" என்று கேட்டேன். டிரைவர் இல்லை என்று தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மேலே நடக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

முதல் வளைவைத் தாண்டும்போது சத்தம் கேட்டது. இரண்டாவது கியரின் சத்தம். ஒரே சீராக, அவசரமில்லாமல். வண்டி என் பக்கத்தில் வந்து நின்றது. டீச்சர் கண்ணாடியை இறக்கினார். பெற்றோர் யாரோ பார்க்க வந்து பேசிக்கொண்டிருந்ததில் நேரமாகிவிட்டதாம்.

"இன்னா மேஸ்திரி, இங்க நடந்துக்கினு இருக்கறீங்க? ஏறுங்க."

ஏறி உட்கார்ந்தேன். நசுங்கி நிமிர்த்திய கதவு சரியாகச் சாத்தவில்லை, மறுபடி திறந்து அறைந்து சாத்தினேன். வண்டி நகர்ந்தது. அணையைத் தாண்டினதும் அவர் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னார்:

"அந்தக் கதவு ஆடற சத்தம் ரொம்ப ஜாஸ்தியா இருக்குது மேஸ்திரி. காலையிலேர்ந்து தலவலி. மொதல்ல அதப் பாருங்க."